ஆறாம் நாளின் தண்ணீர்

மார்ச் 24, திங்கள்

இன்றைய தேதியை எழுதி முடிப்பதற்குள் ஒரு கிளாஸ் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. ஆறிய டீயைக் குடித்தேன். தேதியைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

என் பெயர் உச்சிமாகாளி. இதையும் நானே எழுதினேன். வயது எழுபத்தொன்று. போன வருடம் வரை என் பெயர் என் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எழுத்தறிவு வகுப்பில் கடைசித் தேர்வு எழுதியபோது இந்த டைரியைப் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்று மாதம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இவ்வளவு நல்ல பக்கத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். இன்று துணிந்துவிட்டேன்.

என் வேலை, கட்டிய கட்டடத்துக்குத் தண்ணீர் விடுவது. கலவை போட்டு முடித்ததும் கொத்தனார், சித்தாள் எல்லோரும் போய்விடுவார்கள். நான் மட்டும் இருப்பேன். பதினான்கு நாள் அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகும். அதற்குக் கியூரிங் என்று பெயர். நாற்பத்தைந்து வருடம் செய்த வேலையின் பெயரை இந்த வருடம்தான் எழுதிப் பார்த்தேன்.

இப்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய வாய்க்காலில் நடைபாலம் கட்டுகிறார்கள். அக்கரையில் பெண்கள் பள்ளிக்கூடம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் லாரி ரோடு வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் பாலம் முடிய வேண்டும்.

கை வலிக்கிறது. நல்ல வலி.

மார்ச் 26, புதன்

வேலை நடக்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதன் சுவரில் எஞ்சினியரம்மா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் ‘உண்டு’. மற்றதன் தலையில் ‘இல்லை’.

இன்று மதியம் முழுவதும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உண்டு என்பதன் கீழே, நீளம் ஐம்பது அடி, அகலம் ஆறு அடி, இரு கரையிலும் பதினொரு படி, இரு பக்கமும் கைப்பிடி, விளக்கு இரண்டு. இல்லை என்பதன் கீழே, அலங்கார வளைவு, உட்காரும் பெஞ்சு, வண்டி போகும் பாதை.

இல்லாததையும் எழுதி வைக்கலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது. இல்லாத பெஞ்சு காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

வார்டு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, கூட நாலு பேர். பாலத்தின் வாசலில் பெரிய வளைவு வேண்டும் என்றார்.

எஞ்சினியரம்மா பெயர் ஜெபசீலி. முப்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்து, தலையில் தொப்பியோடு எப்போதும் நடந்துகொண்டே பேசுவார். “எழுதிக் குடுங்க அண்ணாச்சி, மேல அனுப்புதேன்” என்றார்.

“நான் வாயால சொன்னா பத்தாதாம்மா?”

“வாயால சொன்னதுக்கெல்லாம் கம்பி வளைச்சா, ஜூன் மாசம் வளைவு மட்டும் நிக்கும் அண்ணாச்சி. பாலம் இருக்காது. வளைவு கட்டணும்னா எத்தனை நாளு, எந்த வேலை நிக்கும், பாலத்துக்குப் பாரம் எவ்வளவு கூடும், அத்தனையும் பார்த்துதான் சரின்னு சொல்ல முடியும்.”

“படிச்ச பிள்ள, பேச்சப் பாரு” என்று சிரித்துக்கொண்டே போனார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. (இனி வருவது மிச்சமிருந்த இடத்தில் பிறகு சேர்த்தது.) அடுத்த நாளே ஆள் அனுப்பி எழுதிக் கொடுத்ததாகக் கொத்தனார் சுடலைமணி பிறகு சொன்னான். அது ஒன்றாம் நம்பர் கோரிக்கை. பெஞ்சு கேட்டது இரண்டு. ஆட்டோ போகிற அகலம் கேட்டது மூன்று. மூன்றும் திரும்பி வந்துவிட்டன. அதனால்தான் அவை இல்லை என்ற பத்தியில் இருக்கின்றன என்று நினைத்தேன். அவை முதலிலேயே அங்கே இருந்தன என்று எஞ்சினியரம்மா சொன்னார். ஜனங்கள் என்ன கேட்பார்கள் என்று முன்னாலேயே தெரிந்து எழுதி வைத்திருக்கிறார். கெட்டிக்காரி.

மார்ச் 30, ஞாயிறு

வேலை இல்லை. வீட்டில் இருந்தேன்.

என் மனைவி பிச்சம்மாள். அவளுடைய அக்கா மூக்கம்மாள் வீடு வாய்க்காலுக்கு நேர் எதிரே அக்கரையில். காலையில் துணி துவைக்கும் நேரத்தில் இருவரும் கரையில் வந்து நின்று சத்தம் போட்டுப் பேசுவார்கள். காற்று எதிராக அடித்தால் கையால் பேசுவார்கள். வயிற்றைத் தட்டினால் சாப்பிட்டாயா. முந்தானையை உதறினால் கோபம். கோடையில் வாய்க்கால் வறண்டதும் சின்னவர்கள் இறங்கி ஏறிப் போவார்கள். பிச்சம்மாள் முழங்காலுக்கு அந்தக் கரை மலை. இரண்டு வருடமாக அக்காவை அருகில் வைத்துப் பார்க்கவில்லை. அக்காவுக்கும் ஆட்டோவில் ஏறினால் தலை சுற்றும்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, “என்னத்த எழுதுதிய?” என்றாள்.

“உன்னத்தான்.”

“கறுப்பா இருக்கேன்னு எழுதாதிய” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, சனி

இன்று கம்பி கட்டி முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வாய்க்காலின் மேல் மீன்வலை காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

பெரிய நாள். பாலத்தின் தளம் போட்டார்கள்.

கலவை வண்டி வந்ததும் உடனே கொட்டவிடவில்லை. அம்மா ஒரு இரும்புக் கூம்பில் கலவையை அடைத்துக் கவிழ்த்து, கூம்பை மெல்லத் தூக்கினார். புட்டுக் குழலிலிருந்து புட்டு வருகிற மாதிரி நின்றது. எவ்வளவு சரிகிறது என்று அளந்தார். இரண்டாவது வண்டிக் கலவை சரியாமல் பரவி ஓடிவிட்டது. “தண்ணி கூடிப்போச்சு. திருப்பிக் கொண்டு போங்க” என்றார். டிரைவர் கெஞ்சினான். சுடலைமணியும், “மேடம், நான் சமாளிச்சிருவேன்” என்றான்.

“நீங்க சமாளிப்பீங்க அண்ணே. பத்து வருஷம் கழிச்சு இது சமாளிக்குமா?”

வண்டி திரும்பிப் போனது. முழு வண்டி, தளத்தில் ஒரு கரண்டி இறக்காமல்.

அதே கலவையில் ஆறு கட்டிகளும் வார்த்தார்கள். அரை அடிச் சதுரம். அதற்குக் கியூப் என்று பெயர். ஏழாம் நாள் மூன்றையும், இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் கொண்டுபோய் இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்களாம். கட்டி எவ்வளவு தாங்குகிறதோ அதை வைத்துப் பாலம் எவ்வளவு தாங்கும் என்று சொல்வார்களாம்.

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார். “தாத்தா, எழுதத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். கியூரிங் நோட்டு. ஒவ்வொரு நாளும் காலை, மாலை தண்ணீர் விட்டதை நானே எழுத வேண்டும். இத்தனை வருடம் வேறு யாரோ எழுதுவார்கள், நான் கைநாட்டு வைப்பேன். இன்று என் கையில் நோட்டு.

நாளை கட்டிகளின் மேல் தேதி எழுதுவதும் நான்தானாம். பெயிண்டால்.

ஏப்ரல் 11, வெள்ளி

கட்டிகளை அச்சிலிருந்து எடுத்து, தேதி எழுதி, தொட்டித் தண்ணீரில் இறக்கினேன். ஆறும் பிள்ளைகள் போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கின்றன.

தளத்தின் மேல் சிமெண்டால் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்தேன். மோட்டார் போட்டு நிரப்பினேன். ஐம்பது அடி நீளத்துக்கு வானம் வந்து படுத்துவிட்டது. கொக்கு ஒன்று பாத்தியிலிருந்த மேகத்தைக் கொத்திப் பார்த்தது.

நோட்டில் எழுதினேன்: ‘காலை தண்ணீர் விட்டேன். மாலை தண்ணீர் விட்டேன்.’ இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ‘ண்ணீ’ எழுதும்போது கை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். தோட்டத்தைச் சுற்றி வருகிற மாதிரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருடப் பிறப்பு. பிச்சம்மாள் பாயசம் வைப்பதாகச் சொன்னாள். சாவகாசமாகச் சாப்பிடலாமே என்று நாளைய வரியையும் இன்றே எழுதிவிட்டேன். கை நன்றாக ஓடியது. அப்படி ஓடுவது அபூர்வம். அதனால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாவற்றுக்கும் எழுதினேன். எப்படியும் தண்ணீர் விடத்தான் போகிறேன். எழுத்து வரிசையாக, கோணாமல், நாற்று நட்ட மாதிரி இருக்கிறது. பத்து முறை பார்த்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பாயசம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மதியம் பாத்திக்கரையில் உட்கார்ந்து படிகள் வரப்போகும் இடத்தைப் பார்த்தேன். பதினொரு படி. பிச்சம்மாள் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி ஏறவே என் தோளைப் பிடிப்பாள். பாலம் வந்தாலும் அவள் இக்கரைதான்.

படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை இருந்தால் எப்படி? தள்ளுவண்டிகூட ஏறும். கண்ணை மூடினால் சாய்வு தெரிந்தது. பிச்சம்மாள் அதில் ஏறவில்லை, காற்று அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

அம்மாவிடம் கேட்டேன். அண்ணாச்சியிடம் சொன்ன அதே வார்த்தையை எனக்கும் சொன்னார்.

“எழுதிக் குடுங்க தாத்தா.”

எவ்வளவு அழகான வார்த்தை.

ஏப்ரல் 16, புதன்

இன்று கரண்ட் இல்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து மனு எழுதி முடித்தேன். ஒன்பது வரி.

ஏப்ரல் 17, வியாழன்

விடிந்ததும் போய்விட்டேன். கரண்ட் வந்திருந்தது. தளத்துக்கு நிறையத் தண்ணீர் விட்டேன். வரப்பைத் தாண்டி வழியும்வரை விட்டேன்.

நடுவில் சில மெல்லிய கோடுகள் இருக்கின்றன. சிலந்திவலை மாதிரி. தண்ணீருக்கு அடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கின்றன.

மூன்று கட்டிகளை எடுத்துப் போனார்கள். மாலையில் அம்மா போனில் கேட்டுவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஏழு நாள் கணக்குக்கு வேண்டியதைவிட நன்றாகத் தாங்கியதாம்.

பிச்சம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, “என்ன, மூஞ்சி உம்முனு இருக்கு?” என்றாள். வெயில் என்றேன்.

ஏப்ரல் 19, சனி

அம்மா நோட்டில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்துக்கும் சேர்த்து, வரிசையாக, பறவை கிறுக்கிய மாதிரி வேகமாக. “உங்க கையெழுத்து என்னோடதைவிட நல்லாருக்கு தாத்தா” என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மனுவைக் கொடுத்தேன். ஆறு நாள் சட்டைப்பையில் வைத்திருந்ததில் வியர்வையில் ஓரம் மஞ்சளாகிவிட்டது. அம்மா நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“யாருக்குன்னு எழுதியிருக்கீங்க? ‘முழங்கால் முடியாதவர்களுக்கு’. பாட்டிக்கா?”

“எல்லாருக்கும்தாம்மா.”

சிரித்தார். நான்காம் நம்பர் போட்டார். வளைவு கேட்டால் பாலத்துக்குப் பாரம். சாய்வு தனியாகக் கரை மேல் நிற்கும், பாரம் இல்லை. கம்பியும் மிச்சம் இருக்கிறது என்றார். நாள்தான் கேள்வி. “எதிர்பாராம ஏதாவது ஆனா இருக்கட்டும்னு இருபது நாள் கையில வச்சிருக்கேன் தாத்தா. ஒண்ணும் ஆகலைன்னா அந்த நாள்ல கட்டிரலாம். மே பன்னெண்டுல ஆரம்பிச்சா தண்ணி வரதுக்குள்ள முடியும். கரை நனைஞ்சிட்டா தோண்ட முடியாது.”

ஒண்ணும் ஆகலைன்னா. அதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

மேல் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இருபத்தெட்டாம் நாள் சோதனை சரியாக இருந்தால் சாய்வு கட்டலாம். உண்டு என்ற பத்தியின் கடைசியில் அம்மா பென்சிலால் எழுதினார்: சாய்வுப் பாதை.

என் மனுவிலிருந்து ஒரு வார்த்தை சுவருக்கு ஏறியிருக்கிறது. பென்சில்தான். ஆனாலும் அது உண்டு.

பிச்சம்மாளிடம் சொல்லவில்லை. கட்டி முடித்துக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

மே 3, சனி

தண்ணீர் விடும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. தளம் காய்ந்து வெளுத்திருக்கிறது. சிலந்திவலை இப்போது தண்ணீர் இல்லாமலே தெரிகிறது. அதன் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டேன். சுடலைமணி, “மாமா, அதுக்குள்ள பாலத்துல கட்டில் போட்டாச்சா?” என்றான்.

மே 8, வியாழன்

மிச்சம் மூன்று கட்டிகளும் போய் நசுங்கி வந்தன. பாஸ். அம்மா எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார்.

நான் கேட்டேன். “அம்மா, கட்டி சொல்லுதது கட்டிக்கு மட்டுமா, பாலத்துக்கும் சேர்த்தா?”

“ரெண்டும் ஒரே கலவைதானே தாத்தா.”

“கட்டி இருபத்தெட்டு நாளும் தொட்டிக்குள்ள கிடந்துச்சே.”

“பாலமும் தண்ணிக்குள்ளதானே கிடந்துச்சு. நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

கடலைமிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் தின்னவில்லை.

மே 9, வெள்ளி

மதியம் வேப்பமரத்தடியில் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. பாலம் காகிதத்தால் ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரிப்பனை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு எழுத்து அழுந்துகிறது. ‘தண்ணீர் விட்டேன், தண்ணீர் விட்டேன்.’ அடியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர், நான் விடாத தண்ணீர். காகிதம் நனைகிறது. நான் கரையில் நின்று இல்லை, இல்லை என்று கத்துகிறேன். மூக்கம்மாள் அக்கரையில் நின்று வயிற்றைத் தட்டிச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்.

எழுந்தபோது வேப்பம்பூ சட்டை முழுவதும்.

மே 10, சனி

ஏப்ரல் பதினாறாம் தேதி நடந்ததை இங்கே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று மாதாந்திர மின்தடை. காலை முதல் மோட்டார் ஓடவில்லை. குடத்தில் எடுத்து ஊற்றியிருக்கலாம். வறண்ட வாய்க்காலைத் தாண்டினால் பள்ளிக்கூட அடிபம்பு பக்கத்தில்தான். நாற்பத்தைந்து வருடத்தில் எத்தனை கட்டடத்துக்குக் குடத்தில் சுமந்திருக்கிறேன். இன்னும் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி கூப்பிட்டது. தலையைத் தூக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பாத்திகள் எல்லாம் வெள்ளையாக, உதடு காய்ந்த மாதிரி கிடந்தன. நோட்டைத் திறந்தேன். காலை தண்ணீர் விட்டேன், மாலை தண்ணீர் விட்டேன் என்று முத்து முத்தாக இருந்தது. மூன்று நாள் முன்பே எழுதியது. அடிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல எழுத்து.

இன்று காலை கொட்டகைக்குப் போனேன். சிவப்புப் பேனா வாங்கிப் போயிருந்தேன். அம்மாவின் முன்னால் நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: ‘இல்லை’. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தளத்துக்குக் கூட்டிப்போய், விரித்திருந்த துண்டை எடுத்துக் கோடுகளையும் காட்டினேன்.

அம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“எத்தனை நாள் தாத்தா?”

“ஒரே நாள்தாம்மா. சாமி சத்தியமா.”

“பதினாலு நாளும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு. அதுல ஒரு நாள் பொய்னா மீதி பதிமூணு நாள நான் எதை வச்சு நம்ப?”

நானே அந்த நோட்டைப் பார்த்தேன். எந்த வரி விட்ட தண்ணீர், எந்த வரி விடாத தண்ணீர் என்று எழுத்தைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சுடலைமணி குறுக்கே வந்தான். “மேடம், கட்டி பாஸாயிட்டு. மேல ரெண்டு இஞ்ச் பூச்சு போட்டா கோடு தெரியாது. மாமா வயசுக்கு ஏதோ உளறுதாரு.”

“அண்ணே, நீங்க சும்மா இருங்க.” பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “தளத்தைத் தனியா சோதிக்கணும். பாரம் ஏத்தி அளக்கணும். பதினஞ்சு நாளு ஆகும். அந்த இருபது நாளத்தான் எடுக்கணும். என்ன அர்த்தம்னு தெரியுதா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

கொட்டகைக்குத் திரும்பியதும் சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பென்சில் எழுத்தை ரப்பரால் அவர் அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன். அழிப்பதும் எழுதுவது போலத்தான், மெதுவாகத்தான் வருகிறது.

அவர் அதே பக்கத்தில் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்திருந்தார். “பதினெட்டாம் தேதி வரைக்கும் உள்ள வரியெல்லாம் பதிமூணாம் தேதியே எழுதியிருந்துது. தினமும் நோட்டைத் திறந்திருந்தா பிடிச்சிருப்பேன். ஒரு வாரத்துக்கு ஒண்ணாப் போட்டேன் தாத்தா. படிக்கவே இல்ல. இதையும் மேல எழுதணும்” என்றார்.

மே 14, புதன்

பேனா மாதிரி தடித்த ஒரு கருவியால் தளத்தைத் தட்டித் தட்டி அளந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். நடுப்பகுதியில் எண் கொஞ்சம் குறைவாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

நாள் முழுக்க மணல் மூட்டை. பாலம் நிறைய, நெருக்கமாக. அடியில் கடிகாரம் போல ஒரு கருவி. பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று அதன் முள் காட்டும். முடியிழை அளவு தாழ்ந்தாலும் காட்டுமாம். நாளை வரை மூட்டைகள் அப்படியே இருக்க வேண்டும்.

நான் வாய்க்காலில் இறங்கி முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அம்மா நோட்டைக் கொடுத்தார். பயமாக இருந்தது. “நீங்களே எழுதுங்கம்மா” என்றேன்.

“பாக்குறதை எழுதுங்க தாத்தா. பார்த்த அப்புறம் எழுதுங்க.”

மணிக்கு ஒரு முறை முள்ளைப் பார்த்து எண் எழுதினேன். அவர் வந்து ஒவ்வொரு எண்ணையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மே 20, செவ்வாய்

நேற்று மூட்டைகளை இறக்கினார்கள். இன்று முள் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பாலம் மூச்சை இழுத்துப் பிடித்திருந்து விட்ட மாதிரி இருந்தது. நானும் விட்டேன்.

தளம் தாங்கும். கோடுகளைக் கீறி மருந்து அடைக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் அலுவலகத்துக்கு அம்மா எழுதிய கடிதத்துக்குக் கண்டனம் என்று பதில் வந்திருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல தாத்தா” என்றார். எனக்கு இப்போது படிக்கத் தெரியும் என்பது அவருக்கு மறந்துவிட்டது. மடிப்பதற்குள் படித்துவிட்டேன்.

மே 24, சனி

சுடலைமணி வாய் சும்மா இருக்காது. பிச்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மனு, சாய்வு, அழித்தது, எல்லாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது முந்தானையை உதறினாள். அக்கரைக்கு உதறுகிற மாதிரி அவ்வளவு பெரிய உதறல்.

“என் முழங்காலப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தியளோ?”

“உன் பேரு போடலியே.”

“என்ன வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

கேட்கவில்லை. ஒன்பது வரி எழுதினேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சரி, என்ன வேணும்?”

“நடுவுல உக்கார ஒரு இடம் வேணும். எங்க அக்காவும் நானும் உக்காரணும். சாய்வுல ஏறி அங்க போயி நின்னுக்கிட்டா பேசுவோம்? நிக்கதுக்கு இந்தக் கரையே போதுமே.”

அது இரண்டாம் நம்பர் கோரிக்கை. திரும்பி வந்தது. பிறகு அவளே, “அந்த எஞ்சினியர் பிள்ளைக்கு வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

தண்ணீர் வந்தது. முதலில் நுரை, சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு. பிறகு தண்ணீர்.

வார்டு அண்ணாச்சி ரிப்பன் வெட்டினார். வளைவு இல்லாத இடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் ஓடினார்கள். பாலம் காகிதம் இல்லை. கரையிலிருந்து அடியில் குனிந்து பார்த்தேன், ஒரு எழுத்தும் அழுந்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் பிச்சம்மாள் புதுச் சேலையில் வந்து படிக்குக் கீழே நின்றாள்.

“வேண்டாம் பிச்சம்மா.”

“ஒம்பது வரி எழுத உங்களுக்கு ஒரு பகல் ஆச்சு. பதினோரு படிக்கு எனக்கு ஒரு காலை ஆகட்டுமே.”

ஒரு கை கைப்பிடியில், ஒரு கை என் தோளில். ஒரு படி ஏறினாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். நான் ‘ண்ணீ’ எழுதுகிற மாதிரிதான், உதட்டைக் கடித்துக்கொண்டு, முழுக் கவனமும் அந்த ஒரு சுற்றில். நாலாம் படியில் என்னைத் திட்டினாள். ஏழாம் படியில் அக்காவைத் திட்டினாள். பத்தாம் படியில் யாரையும் திட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்று.

அக்கரையில் மூக்கம்மாளைச் சுடலைமணி தூக்காத குறையாக ஏற்றிக்கொண்டு வந்தான். கொட்டகையிலிருந்து எஞ்சினியரம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தானே தூக்கி வந்து நடுவில் போட்டார்.

“இது இல்லைங்கற பத்தியில இருக்கேம்மா” என்றேன்.

“பெஞ்சுதான் இல்லை. பெஞ்சு பாலத்தோட சேர்ந்தது. இது சாயங்காலம் திரும்பப் போயிரும்” என்றார்.

அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். முழங்காலும் முழங்காலும் இடித்தன.

“ஏ பிச்சா, சாப்புட்டியா!” என்று மூக்கம்மாள் கத்தினாள், வாய்க்கால் கேட்க.

“சாப்புட்டேங்க்கா! நீ!” என்று இவளும் கத்தினாள்.

பாலத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது கேட்கவில்லை. அப்படியே ரொம்ப நேரம் கத்தினார்கள். பிறகு அக்கா தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். அதற்கப்புறம் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிச்சம்மாள் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னாள். “தெனமும் இப்படி ஏற முடியாது. சாய்வும் வேணும், பெஞ்சும் வேணும். அடுத்த வருஷம் தண்ணி வத்தினதும் கட்டட்டும். மனு எழுதுங்க. நான் சொல்லுதேன்.”

அவள் சொன்னாள், நான் எழுதினேன். நான்கு வரி வந்திருக்கிறது. மீதியை நாளை கேட்க வேண்டும்.

நாளைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கை நன்றாகத்தான் ஓடுகிறது. மூடி வைத்துவிட்டேன்.